குதிகால் மச்சத்துக்கு ஒரு முடிவு

1

இந்தக் கதை எனக்கு முதுகில் கிடைத்தது. முதுகில் இருக்கும் மச்சம் பெரிதாகிவிட்டது என்று வீட்டில் சொன்னார்கள். நானாகப் பார்க்க முடியாத இடம் என்பதால் சொன்னதை நம்பி, பயந்து, கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் ஓடினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "வெறும் மருங்க, போயிச் சாப்புடுங்க" என்றார். தூக்கம் கெட்டுக் கிடந்தவனுக்கு அந்தப் பதில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பட்ட பயம் வீணாகக் கூடாதென்று எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: "கருமை என்பது ஒரு கேள்வி, தோல் என்பது—" வேண்டாம். இப்படி எழுதுகிறவனை நானே படிக்க மாட்டேன்.

அடுத்தது: "டாக்டர் கெசியா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது வெளியே மழை—" (கதையில் டாக்டர்கள் முக்கியமான வேலையில் இறங்கும்போதெல்லாம் ஏன் மழை பெய்ய வேண்டும்? அன்று நல்ல வெயில்.)

மூன்றாவது: சூலூரில் விசைத்தறி வைத்திருக்கும் செங்கோடனுக்கு வலது குதிகாலில் ஒரு மச்சம்.

இது தேறும்.

2

சின்ன வயதிலிருந்து சும்மா கிடந்த மச்சம் இந்த வருஷம் கறுத்து, ஓரம் கலைந்து படர ஆரம்பித்தது. தோல் டாக்டர் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்பினார். அங்கே அது கெசியாவின் மேஜைக்கு வந்தது. கெசியா போத்தனூர்க்காரி. சதைத் துண்டை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் பார்த்து இன்ன நோய் என்று சொல்லும் டாக்டர்.

(முதல் படியில் அவளை மேதையாக்கியிருந்தேன். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். கதையும் அந்தப் பக்கத்தோடு முடிந்துபோனது. ஆகவே அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தேன். இப்போதுதான் வாங்கும் சம்பளத்துக்கு வேலை செய்கிறாள்.)

செல்கள் வரிசை தப்பி, சில தோலின் மேலடுக்குக்கே ஏறியிருந்தன. பார்த்தால் மெலனோமா மாதிரி, அதாவது தோலில் வரும் பொல்லாத கேன்சர் மாதிரி இருந்தது. அதுதான் என்றால் குதிகாலை ஆழமாகத் தோண்டியெடுத்து, தொடைத் தோலை ஒட்டி, தொடை இடுக்கில் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெறும் மச்சம் என்றால் தறிக்குத் திரும்பிப் போகலாம். ஒரு பக்கம் தப்பாகச் சொன்னால் அந்த மனிதர் வீணாக நொண்டுவார். மறுபக்கம் தப்பாகச் சொன்னால் இருக்கவே மாட்டார்.

ஆனால் செல்களுக்கு அடியில் ஒரு தழும்பு தெரிந்தது. அரைகுறையாக எடுத்த மச்சம் திரும்ப முளைத்தால், அச்சு அசல் கேன்சர் வேஷம் போடும். கேன்சரோடு உடம்பு மல்லுக்கட்டினாலும் தழும்பு விழும். இது எந்தத் தழும்பு என்று கேட்க, கெசியா செங்கோடனையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு அனுப்பினாள்.

3

"ஏனுங்க, இந்த மச்சத்த முன்னாடி சுட்டீங்களா, கிள்ளி எடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா. ராசியான மச்சமுங்க. தொட்டதே இல்லைங்க" என்றார் செங்கோடன். அவர் மனைவி நாச்சியம்மாள் ஓடாத மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் போனார்கள். சற்று நேரத்தில் நாச்சியம்மாள் மட்டும் திரும்பி வந்து, குடையை மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார். குடை அவர் கையிலேயே இருந்தது.

"நாந்தானுங்க சுட்டுப்போட்டேன்."

"நீங்களாங்கம்மா?"

"குதிகால்ல மச்சமிருந்தா ரெண்டு தாரம்னு சோசியக்காரரு* சொல்லிப்போட்டாருங்க. மனசு கேக்கல. பித்தவெடிப்புக்கு மருந்துன்னு சொல்லி, சுண்ணாம்பும் துணி தொவைக்கிற சோடாவும் கொழச்சு வெச்சேன். வெந்து உதுந்துருச்சு. அவரு வெடிப்பு ஆறுதுன்னே நெனச்சுட்டாருங்க. பொறகு பாத்தா மறுக்காவும் கறுப்பா மொளைக்குதுங்க."

"இத அவரு முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

"எப்புடிங்க சொல்றது? கல்யாணமான நாள்லயிருந்து புருசன் மேல சந்தேகமே படாதவன்னு பேரெடுத்து வெச்சிருக்கேனே."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த கேள்வியில் அது நின்றது.

"நான் வெச்சதுனாலதான் கேன்சராயிருச்சாங்களா?"

"சுண்ணாம்பு வெச்சா கேன்சர் வராதுங்கம்மா. இது கேன்சரான்னே இன்னும் தெரியல." நாச்சியம்மாள் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார்.

(* சோதிடர் பெயர் சுந்தரராஜுலு. கதைக்குள் ஒரு காட்சியாவது வேண்டுமென்று நச்சரித்தார். இந்த அடைப்புக்குறியோடு சரி.)

4

இங்கே சிலர் நழுவப் பார்ப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். புரதம் என்றதும் முட்டையும் பருப்பும் நினைவுக்கு வரும். இது செல்கள் தமக்குள் செய்துகொள்வது. ஒரே ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து உண்டு. அதன்மேல் சாயம் ஏற்றினால், நிறம் வந்த இடத்தில் அந்தப் புரதம் இருக்கிறதென்று பொருள். வழக்கமாக ஏற்றும் சாயம் பழுப்பு. மச்சமே பழுப்பு என்பதால் கெசியா சிவப்புச் சாயம் கேட்டாள்.

அவள் தேடிய புரதத்தின் பெயர் பிரேம். (காதல் கதை என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும்.) சாது மச்சத்தில் இது பெரும்பாலும் இருக்காது. மெலனோமாவில் பெரும்பாலும் செல்லுக்குச் செல் உட்கரு சிவந்துவிடும். பி16 என்று இன்னொன்று: மச்சத்தில் தங்கும், பல மெலனோமாக்களில் தொலைந்துபோகும். "பெரும்பாலும்", "பல" என்கிற வார்த்தைகளை வெட்டச் சொன்னார் எடிட்டர். கெசியா விடவில்லை. தழும்பு, செல்லின் உருவம், சாயம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவள் வாய் திறப்பாள்.

5

சாயம் ஏறி வருவதற்குள் நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) சிவக்கவில்லை. சூலூரில் கறி விருந்து. நாச்சியம்மாள் சோதிடரைப் பந்தியிலிருந்து எழுப்பி—

ஆ) சிவந்துவிட்டது. நாச்சியம்மாள் லேப் படியில்— இதற்கு மேல் கை ஓடவில்லை. இவ்வளவு நேரம் கிண்டலடித்தவன் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

இ) சோதிடர் சொன்னதுதான் சரி, செங்கோடனுக்குப் பெருந்துறையில் இன்னொரு வீடு— மட்டமான யோசனை. ஆனாலும் ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

கெசியா மூன்றையும் படித்தாள்.

"ஸ்லைடு இன்னும் வரவே இல்லீங்களே சார். அதுக்குள்ள எப்புடி எழுதுனீங்க?"

"கதைதானுங்களே."

"உங்களுக்கு எது புடிச்சிருக்குன்னு கேட்டுட்டுச் சாயம் ஏறாதுங்க."

6

தகடுகள் வந்துவிட்டன. ஏற்கனவே கேன்சர் என்று தெரிந்த வேறொரு திசுவை முதலில் பார்த்தாள். ஒழுங்காகச் சிவந்திருந்தது, சாயத்தை நம்பலாம். பிறகு செங்கோடனின் தகட்டை வைத்து வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த மைக்ராஸ்கோப்பில் எதிரே உட்கார்ந்து பார்க்க இன்னொரு ஜோடிப் பார்வைக்குழாய் உண்டு. நான் நாற்காலியை இழுத்தேன். தடுத்துவிட்டாள். எனக்கு 'அ' பிடித்துவிட்டதாம். எதைக் காட்டினாலும் 'அ'வைத்தான் பார்ப்பேனாம். உண்மைதான்.

ஆகவே நீங்கள் உட்காருங்கள். கண்ணைக் கிட்டே கொண்டுபோங்கள். உட்கருக்கள் வெளிர்நீலமாகவே இருக்கின்றனவா, சிவந்திருக்கின்றனவா? அங்கொன்றும் இங்கொன்றுமா, எல்லாமேவா? அவசரப்படாதீர்கள்.

போன் அடிக்கிறது. கெசியா எடுத்துக் கேட்டுவிட்டு உங்களிடம் நீட்டுகிறாள்.

"நாச்சியம்மா பேசறனுங்க. அவரு தறிக்குப் போயிட்டாரு, நான் தனியாத்தான் இருக்கேன். எதுவா இருந்தாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லிப்போடுங்க."

உங்கள் ஒரு கண் இன்னும் மைக்ராஸ்கோப்பில்தான் இருக்கிறது.

"ஏனுங்க... லைன்ல இருக்கீங்களா?"