ஒரு விடுப்பில் ஐந்து நாள்

புதிய காலண்டர் வீட்டுக்குள் நுழைந்த அன்றே அவளுடைய கணவர் சிவப்புப் பென்சிலும் கையுமாக அதன்முன் உட்கார்ந்துவிடுவார். எந்த விடுமுறை வெள்ளியில் விழுகிறது, எது செவ்வாயில் விழுகிறது, நடுவில் ஒரே ஒரு விடுப்பைச் செருகினால் எத்தனை நாள் தேறும் என்று பார்ப்பதில் அவருக்கு நிகர் அவரே. அலுவலகத்தில் அவருக்குக் ‘காலண்டர்’ என்றே பெயர். அதைப் பாராட்டு என்று நம்பிக்கொண்டிருந்தார். அந்த அறிவில் பத்தில் ஒரு பங்கைக் கோப்புகளில் காட்டியிருந்தால் இந்நேரம் கண்காணிப்பாளர் ஆகியிருப்பார்.

அவளுக்கு நகரத்தில் ஒரே வேலைதான். பல்கலைக்கழக அலமாரியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கிடக்கும் தன் பட்டயச் சான்றிதழை நேரில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். புதன் மாலை ஐந்து மணிக்குள் அதைக் கொடுத்தால் சொந்த ஊர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை; தவறினால் அடுத்தவளுக்கு. போன வாரமே போய்வருகிறேன் என்றாள். வெள்ளியும் செவ்வாயும் விடுமுறை, ஐந்து நாளுக்கு அங்கே அறையே பதிவாகிவிட்டது, திங்கட்கிழமை உன் வேலையும் முடிந்துவிடும் என்று வாயை அடைத்தார்.

வெள்ளியன்று அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது. மறுநாள் பூங்காவில் நிற்கவும் இடமில்லை. ஊரிலுள்ள சிவப்புப் பென்சில்கள் அனைத்தும் அங்கே திரண்டிருந்தன. ஞாயிறு முழுவதும் படகுத்துறை வரிசையில் கழிந்தது.

திங்கட்கிழமை பல்கலைக்கழகம் திறந்திருந்தது. சான்றிதழ்ச் சாளரம் மட்டும் மூடியிருந்தது.

“சாவி கிளார்க்கு கிட்டதாம்மா இருக்கு. புதன்கிழமைதான் வருவாரு. இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டா அஞ்சு நாள் கிடைக்குதாமே” என்றார் காவலாளி.

“கெட்டிக்காரர்” என்றார் கணவர், உண்மையான மதிப்போடு.

விசாரித்தால், கெட்டிக்காரர் ஏரி பார்க்கப் போயிருந்த ஊர் இவர்களுடைய ஊரேதான். எங்கள் ஏரி பார்க்க வேண்டிய ஏரி என்று கணவர் காவலாளியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, அவள் மூடிய சாளரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையத்தில் அவர் தேறுதல் சொன்னார். வேலை எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த ஏப்ரலில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் வருகிறது.

“நீங்க ஏறுங்க. நாளைக்கு உங்க லீவு வீணாக வேண்டாம். நான் வாங்கிட்டு வரேன்.”

“தனியா எப்படிச் சமாளிப்பே?”

“அஞ்சு நாளா உங்களையே சமாளிச்சேன்ல.”

புதன்கிழமை பத்தே முக்காலுக்கு வெயிலில் தோலுரிந்த மூக்கோடு எழுத்தர் வந்தார். வரிசையில் முதல் ஆள் அவள். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. நாலே முக்காலுக்குச் சான்றிதழ் பரிசோதனைக் கூடத்தின் மேசைமேல் இருந்தது.

அடுத்த காலண்டர் வந்தது. “மார்ச்சுல பாரு, ஒரே ஒரு லீவு போட்டா...” என்று பென்சிலைச் சீவிக்கொண்டே தொடங்கினார்.

“என் லீவை நான் பாத்துக்கறேன்” என்று சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். அன்றும் விடுமுறைதான், பரிசோதனைக் கூடத்துக்கு மட்டும் இல்லை.