எல்லை தாண்டினால் சொல்ல வேண்டிய வார்த்தை

அன்று மருந்துக்கடையின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, தம்பியின் மருமகள், கடைக்காரர், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஏஜென்ட். சன்னலுக்கு வெளியே நின்று கேட்டதாகச் சொல்கிறவர்கள் புளுகுகிறார்கள். அந்த அறைக்குச் சன்னலே கிடையாது.

மருமகளின் கணவன், அதாவது என் தம்பி மகன், முறைப்படி மூன்று தடவை விசா கேட்டான். மூன்று தடவையும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு ஒற்றை வரியில் இல்லை என்றார்கள். அதன் பிறகுதான் நெட்டை எங்கள் வீட்டுப் படி ஏறினான். நான் இருக்கும்போதே ஏறினான். நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏற்பாடு இதுதான். பணம் பொதுவான ஆளாகக் கடைக்காரரிடம் இருக்கும். போகிறவன் எல்லை தாண்டியதும் ஃபோனில் ஒரு வார்த்தை சொல்வான். சொன்னால் பணம் ஏஜென்டுக்குப் போகும். அந்த வார்த்தை போகிறவனுக்கும் தனக்கும் மட்டுமே தெரிய வேண்டும் என்றார் கடைக்காரர். நான் ஒப்பவில்லை. குடும்பத்துக்குப் பெரியவன் எனக்குத் தெரியாமல் என்ன ரகசியம் என்று அதட்டி, என்னிடமும் சொல்ல வைத்தேன். நான் சொன்னாலும் செல்லும் என்று ஆக்கினேன். நெட்டை சந்தோஷமாகத் தலையாட்டினான். ஏன் என்று யோசிக்க எனக்குப் புத்தி இல்லை.

பிள்ளை கிளம்பிப் போய் மூன்று வாரம் கழித்து நெட்டை கடைக்கு வந்து மருந்துப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

“ஐயா, வேலிய இன்னும் ரெண்டாள் உயரத்துக்கு ஏத்திட்டாங்க. கேமரா வேற. காவலுக்குக் குடுக்குறதும் ஏறிப்போச்சு. இருக்குற பணத்த இப்போ விட்டுடுங்க, மேல ஆகுறத அப்புறம் பேசிக்கலாம்.”

“வேலி போட்டது அவங்க. உனக்கு எதுக்குடா கூலி ஏறுது?”

சிரித்தான். “வேலி இல்லேன்னா எங்கள யாரு தேடி வருவா? பஸ் புடிச்சு அவங்களே போயிடுவாங்களே! மந்திரி டிவில ‘எல்லைய இறுக்கப் போறோம்’னு சொன்னா, எங்க முதலாளி அன்னைக்கு எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கித் தருவாரு.”

வேலி போடுகிறவனுக்குச் சம்பளம், தாண்ட வைக்கிறவனுக்கு லாபம். நடுவில் எங்கள் பிள்ளை சரக்கு.

நெட்டை ஃபோனை நீட்டினான். வறண்ட குரல். “பெரியப்பா, சொல்லிடுங்க. எங்கள அடைச்சு வச்சிருக்குற ஷெட்டுல ரெண்டு நாளா தண்ணி தரல.”

தம்பி அழுதான். நான் வாயைத் திறந்தேன்.

“பெரிய மாமா, நிறுத்துங்க!” மருமகள் ஃபோனைப் பிடுங்கினாள். அதுவரை என் பேச்சுக்குக் குறுக்கே எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. “ஏங்க, வேலிக்கு எந்தப் பக்கம் இருக்கீங்க?”

“இன்னும் இந்தப் பக்கந்தான்.”

“பணம் கைக்குப் போயிட்டா இவன் உங்கள எதுக்குச் சுமக்கப் போறான்?” நெட்டையின் பக்கம் திரும்பினாள். “தண்ணி குடு. அவருக்கு ஒண்ணுன்னா உனக்கு ஒத்தப் பைசா வராது. இதுவரைக்கும் போட்ட சோறும் உனக்குத்தான் நட்டம்.”

“பொம்பளைங்ககிட்ட நான் வியாபாரம் பேசுறதில்ல. ஐயா, நீங்க சொல்லுங்க.”

‘ஐயா’ என்று அவன் இழுத்த இழுப்பில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவன் வைத்திருந்த சாவி நான்தான். கடைக்காரரிடம் சொன்னேன்:

“இனிமே நான் சொன்னா செல்லாது. நானே கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதீங்க. அந்த நாட்டு நம்பர்லேருந்து அவன் குரல் வந்தா மட்டும் குடுங்க.”

“இதத்தானே மொதல்லயே சொன்னேன்” என்று அவர் முணுமுணுத்தார்.

நெட்டை பெட்டியை எட்டி உதைத்துவிட்டுப் போனான்.

பதினோராம் நாள் அந்த நாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பிள்ளை வார்த்தையைச் சொன்னான். முதலில் பேசிய தொகைதான் போனது. வேலிக் கம்பி அவன் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. அதற்கு எவனும் ரேட் சொல்லவில்லை.

நான் அசையாமல் நின்று பிள்ளையைக் காப்பாற்றியதாக உறவில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. நான் சொல்ல வாயெடுத்துவிட்டேன். தடுத்தவள் மருமகள்.