சிவப்புப் பெட்டி

ஸோயாவை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு விளங்கவே இல்லை. பிள்ளையைப் பெட்டியில் போடுவதா என்று கோபிக்காதீர்கள். ஓசூர் சிப்காட்டில் போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. அளவுக் கருவிக்குள் போல்ட் சரியாக உட்கார்ந்தால் பச்சைப் பெட்டி, உட்காராவிட்டால் சிவப்புப் பெட்டி. நடுவில் ஒரு பெட்டி கிடையாது. அந்தப் புத்தி என்னோடு வீட்டுக்கும் வரும், பள்ளிக்கும் வரும்.

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் தளி ரோட்டிலுள்ள அரசுப் பள்ளிக்குப் போவேன். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு அங்கே மாலை வகுப்பு. சம்பளம் கிடையாது, 'சுமலதா மிஸ்' என்ற பட்டம் மட்டும் உண்டு. எழுத்து மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒரு பாய், சொல் கூட்டுகிறவர்களுக்கு ஒரு பாய், வரி வாசிக்கிறவர்களுக்கு ஒரு பாய். முழுக் கதையை வாசித்துவிட்டால் பாயே இல்லை. தலைமையாசிரியர் ராமப்பன் சார் கைதட்டி, "நாளையிலேர்ந்து நீ பெல் அடிச்சதும் வீட்டுக்குப் போலாம்" என்பார். அதுதான் பரிசு.

நாலாம் வகுப்பு ஸோயா என்னிடம் எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள். போண்டா கட்டி வந்த பேப்பரைக்கூட விடமாட்டாள். ஆனால் ராமப்பன் சார் கதை அட்டையோடு வந்து உட்கார்ந்தால் போதும், "ஒ... ரு... ஊ..." என்று இழுப்பாள். இரண்டு முறை இப்படி ஆயிற்று. "என்னம்மா, தேறிட்டான்னீங்க?" என்று சார் என்னைப் பார்த்தபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஒரே போல்ட் காலையில் சரியாக இருந்து மாலையில் தப்பாக இருந்தால் கருவியைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் என்னைச் சந்தேகப்பட்டேன். சார் என்றால் பயமா? அவரிடமே போய்ப் பந்து கேட்டு வாங்குகிற பிள்ளை அவள். கண்ணில் கோளாறா? தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டை எனக்கு முன்னால் வாசிக்கிறாள். சத்துணவு சமைக்கும் மாரம்மா, "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்றாள். மண்டை காய்ந்துபோய், மிளகாய்கூட வாங்கி வைத்தேன்.

அடுத்த சோதனைக்கு முந்தின நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, ஸோயா மட்டும் கேட் பக்கம் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்குப் போகல?"

"அம்மா கம்பெனி பஸ் எறங்கி நேரா இங்கதான் வரும் மிஸ். சாவி அதுகிட்டதான் இருக்குது."

"நாளைக்கு நல்லாப் படிச்சிட்டா?"

"பெல் அடிச்சதும் வெளிய அனுப்பிடுவாங்க இல்ல. எங்க லைன் வீட்டுல பக்கத்து ரூம்ல ஆளுங்க மாறிக்கினே இருக்காங்க. தான் வர்ற வரைக்கும் அங்க தனியா நிக்கவே கூடாதுன்னு அம்மா சொல்லுச்சு."

"அதுக்காகத் தப்பாப் படிக்கிறியா?"

"தப்பா இல்ல மிஸ்," என்றாள் ரோஷமாக. "மெதுவா."

நேராகச் சாரிடம் போனேன். படித்துத் தேறினாலும் அவள் இங்கேயே இருக்கட்டும் என்று கேட்டேன். "படிக்கத் தெரிஞ்ச பிள்ளைய உக்கார வெச்சா மேல இருந்து வர்றவங்களுக்கு நான் என்னா சொல்றது? இங்க பாதிப் பேரு வீடு பூட்டித்தான் கெடக்குது. எல்லாரையும் வெச்சுக்க முடியுமாம்மா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

மறுநாள் சார் அட்டையை நீட்டினார். ஸோயா வழக்கம்போல ஆரம்பித்தாள். "ஒ... ரு... கு... ட்டி... யா... னை..." காட்டிலிருந்து வழிதவறி ராகி வயலுக்கு வந்துவிட்ட குட்டி யானையின் கதை. நாலு வரி இழுத்தாள். அதற்குள் வயலில் இருட்டிவிட்டது, நாய்கள் குட்டியைச் சூழ்ந்துகொண்டன. பக்கத்தில் இருந்த மாதேஷுக்குப் பொறுக்கவில்லை. "ஆமேலே?" என்று கன்னடத்தில் கேட்டான், அப்புறம் என்ன என்று.

ஸோயாவுக்கும் பொறுக்கவில்லை. கண் அடுத்த வரிக்குத் தாவியது, வாய் பின்னாலேயே ஓடியது. சாரின் போன் அடித்தது அவளுக்குக் கேட்கவில்லை. நாய் குரைக்கும் இடத்தில் குரைத்தாள். தாய் யானை வந்து குட்டியைத் தும்பிக்கையால் இழுத்து அணைத்ததும் பெருமூச்சு விட்டாள். அதற்கப்புறம்தான் தான் செய்தது புரிந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட!" என்று போனோடு கைதட்டப் போனார் சார்.

"ஒரு சொல்ல விட்டுட்டா சார்," என்றேன். என் வாய்தான் சொன்னது.

"எனக்குச் சரியாத்தானே கேட்டுது?"

"போன் வந்துச்சே சார், அப்போ."

என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "நீங்க சொன்னா சரிதான். வரிப் பாயிலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, போனில் பேசியபடி வராந்தாவுக்குப் போனார். கெட்ட போல்ட் ஒன்றைக்கூடப் பச்சைப் பெட்டியில் விட்டதில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்பவள் நான். நல்லதைச் சிவப்பில் போட்டது இதுதான் முதல் தடவை. ஆனாலும் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஸோயா எழுந்து வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து அட்டை முழுவதையும் தேடியிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எந்தச் சொல்ல மிஸ் விட்டேன்? நான் எதையும் விடலையே."

அட்டையை வாங்கி வைக்கக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இன்னொருவாட்டி படிக்கிறேன். நல்லாக் கேளுங்க."

நான் தலையாட்டுவதற்குள், முன்னைவிடச் சத்தமாக, முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். வராந்தாவில் சாரின் பேச்சு நின்றது. அவள் வாயைப் பொத்துவதா, கேட்டுக்கொண்டிருப்பதா என்று தெரியாமல் நின்றேன்.