சுவரில் முட்டிய கண்டக்டர்

எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டில் என்ன வேகிறது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவேன். என் வீட்டு நாற்றம்தான் எனக்குத் தாமதமாக உறைத்தது.

தரைத்தளத்தில் திமோன் வீடியோ கேம் கம்பெனி வைத்திருந்தான். இருந்தது ஒரே கேம். செய்தவள் அவனிடம் வேலை பார்த்த ஐந்தாம் மாடி கலினா. நான்கு வருட உழைப்பு. டிராமில் யாரோ விட்டுப்போன கையுறையைத் திருப்பிக் கொடுக்க போலந்தின் வூச் நகரம் முழுக்க நடக்கும் பெண் கண்டக்டரின் கதை. அந்த நடை, வலது காலைச் சற்றே இழுப்பது, டிராமில் டிக்கெட் கிழித்த கலினாவின் அம்மாவுடையது. கேம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும்.

மாதச் சந்தா வாங்கும் பெரிய ஆன்லைன் சேவை ஒன்றில் திமோன் அதைச் சேர்த்தான். எவருடைய கேமை மக்கள் எத்தனை நிமிடம் ஆடுகிறார்களோ, சந்தாவில் அவருக்கு அவ்வளவு பங்கு. மூன்று மணி நேரக் கதைக்கு என்ன பெரிதாகக் கிடைக்கும்? நிமிடத்தை ஏற்ற, குடியிருப்பின் நாற்பது வீடுகளில் கேம் ஆடும் பழைய கன்சோல் பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தான்.

"ஹெலாக்கா, அது பாட்டுக்கு ஓடட்டும். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றான் என்னிடம்.

"கரண்ட் பில்லு?"

"நான் கட்டறேன். கசகசா கேக்கும் உண்டு."

வாங்கிக்கொண்டேன். நாக்கு அப்படி.

சும்மா நின்றால் நிமிடம் ஏறாதாம். அதனால் கன்ட்ரோலர் குச்சியை ரப்பர் பேண்டால் முன்பக்கம் இழுத்துக் கட்டினான். கண்டக்டரம்மா பேக்கரிச் சுவரில் போய் முட்டினாள். நான் உருளைக்கிழங்கு சீவும்போதும் முட்டினாள், தூங்கி எழுந்தபோதும் முட்டினாள். பார்க்கச் சகிக்காமல் டிவி மேல் துண்டைப் போட்டேன்.

கலினாவுக்கு வந்த பார்சலை நான்தான் வாங்கி வைத்திருந்தேன். எடுக்க வந்தவள் துண்டை விலக்கினாள்.

"இது என்னக்கா?"

"திமோன் வெச்சான்மா. நாப்பது வீட்லயும்... இல்ல, முப்பத்தொம்பது. ஃப்லோரியன் வீட்டு நாய் வயரக் கடிச்சிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. "எங்கம்மா நடைக்கா அது."

கையிலிருந்த கேக் துண்டைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

கீழே போனாள். எனக்கும் அப்போதுதான் தபால் பெட்டியைப் பார்க்க வேண்டியிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டு திமோன்."

"ஆன்லைன்காரங்களுக்கு வேண்டியது நிமிஷம். நான் நிமிஷம் குடுக்கறேன். உன் கதைய யாரு கேட்டா?"

"அப்ப ஒரு சுவரும் ஒரு ரப்பர் பேண்டும் போதுமே. நான் எதுக்கு?"

"நானும் அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றான், காபியைக் கலக்கிக்கொண்டே.

வியாழக்கிழமை கேமுக்குப் புது அப்டேட் வந்தது. அதை அனுப்புவது கலினாவின் வேலை. கண்டக்டரம்மா பத்து நிமிடம் முட்டினாள். பிறகு நின்றாள். பேக்கரிப் படியில் உட்கார்ந்து, வலது காலணியைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துவிட்டாள். திரை இருண்டது. கேம் தானாக மூடிக்கொண்டது. முப்பத்தொன்பது வீடுகளிலும் அதே கதை.

சாயங்காலமே கலினாவுக்கு வேலை போயிற்று.

"இப்பிடிப் பண்ணிட்டியேம்மா" என்றேன் படியில் மறித்து.

"போனா போகுதுக்கா. அவ உக்காந்துட்டா இல்ல?"

மறுநாள் திமோன் கன்சோலை எடுத்துப் போக வந்தான். கேக் கொண்டுவந்த தட்டையும் கேட்டான். கழுவாமலே கொடுத்தேன்.