சலூன் பலகை

"அக்கா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். என்ன வேணும்?"

சின்னவள் போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டினாள். "நாளைக்கு சலூன் மாமா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாருக்கா."

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் நாளை தெருவின் பழைய பொருட்களைக் கொண்டு கண்காட்சி வைக்கிறார்கள். குழந்தைகளுக்கு முடி வெட்டும்போது நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் குறுக்கே போடும் பலகையைச் சின்னவள் சலூன் மாமாவிடம் கேட்டு வாங்கி வந்தாள். ஒரே அழுக்கு, போதாததற்குக் கீறல்கள். நாலு பேர் பார்க்கிற பொருள் பளிச்சென்று இருக்க வேண்டாமா? உப்புத்தாளை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துவிட்டாள்.

"இன்னைக்கு சாயங்காலம் மாமா கூப்பிட்டு, 'என் பையன் கீறின கப்பல் தெரியற மாதிரி வைம்மா'ன்னாரு. அந்த அண்ணன்தான் இப்ப உயிரோட இல்லையேக்கா..."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். "அடிப்பாவி! என் பல்லியும் போச்சா?"

"எந்தப் பல்லி?"

"அழற பிள்ளைங்க கையில மாமா ஒரு பழைய சாவியைக் குடுப்பாரு. பலகையில என்ன வேணா கீறிக்கலாம். உனக்கு அம்மாவே வீட்ல வெட்டிவிட்டாங்க, உனக்கெங்க தெரியப்போகுது."

சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நானே ஒரு கப்பலைக் கீறி வச்சிடட்டுமா?"

"வாயைக் கழுவு. காலையில நேரா அவர்கிட்டயே போய்ச் சொல்லு. நானும் வரேன்."

காலையில் கடை திறந்ததும் போனார்கள். சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். சலூன் மாமா பலகையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிறகு ஒரு மூலையில் விரலை வைத்தார். "இங்கதான் இருந்துச்சு."

சின்னவள் பையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்தாள். "கப்பல் வரைய மாட்டேன் மாமா. இடத்தை மட்டும் வட்டம் போட்டுக்கவா?"

அவர் தலையை லேசாக அசைத்தார். அவர் விரலைச் சுற்றிச் சின்னவள் வட்டம் போட்டாள். அக்கா அவள் கையிலிருந்து கட்டியைப் பிடுங்கித் தன் பல்லிக்கும் ஒன்று போட்டாள்.

கண்காட்சியில் சின்னவள் பலகையின் பக்கத்தில் சாக்குக்கட்டியோடு ஒரு அட்டை வைத்தாள்: 'இதில் இருந்த கீறல்களை நான் தெரியாமல் தேய்த்துவிட்டேன். உங்களுடையது எங்கே இருந்தது?' தபால்காரர் குனிந்து தேடினார். மருந்துக்கடைக்காரரும் அவர் தம்பியும் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டார்கள். "அது என் சூரியன்டா!" "போடா, அது என் தோசைக்கல்லு!"

சலூன் மாமா கடையைச் சாத்திவிட்டு வந்தபோது பலகை முழுக்க வட்டங்கள். கப்பலின் வட்டத்தை யாரும் தொட்டிருக்கவில்லை. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாமா..." என்றாள் சின்னவள், பயந்துகொண்டே.

"முடிஞ்சதும் கொண்டு வந்து குடு," என்றார். வாசல்வரை போனவர் திரும்பினார். "தாயே, துடைக்காம கொண்டு வா."