ஒரே கத்தி

ஹட்டன் பக்கத்துத் தேயிலத் தோட்டத்துல சூசைதான் முடிவெட்டுறவன்; மத்த நாள்ல தோட்ட வேலயும் பாப்பான். ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடிஞ்சதும், குடியிருக்கிற லயத்து வாசல்ல முக்காலியப் போட்டான். மொத ஆளா லாசர் வந்து தூரமா நின்னாரு. கக்கூஸ் கழுவுறவருங்கிறதால சூசை அவருக்குக் கத்தி வச்சதே இல்ல.

அன்னிக்கு "வாங்க, உக்காருங்க"ன்னான். அவருக்கு வெட்டுனா பொழப்பு போயிரும்னு அவனுக்குத் தெரியும்.

பாதித் தாடி எடுக்கையில தோட்டத்துல வேல வாங்குற பெரிய கங்காணி மரியநாயகம் வந்துட்டாரு. "ஏண்டா, அந்தக் கத்தியையா என் மொகத்துல வைப்ப?"

"கழுவிட்டுத்தாங்க வைப்பேன்."

"கழுவுனா சாதி போயிருமா?"

"காலையில ரெண்டு பேரும் ஒண்ணா மண்டிபோட்டு சாமியார் கையால நன்மை அப்பம் வாங்குனீங்களே ஐயா. அங்க ஒட்டாத தீட்டு இங்கயா ஒட்டும்?"

கங்காணி துண்ட ஒதறிட்டுப் போனாரு. காத்திருந்தவங்களும் பின்னாலயே போயிட்டாங்க.

லாசர் எந்திரிச்சாரு. "நா போறேங்க. ஒங்களுக்கு எதுக்கு வம்பு?"

"பாதித் தாடியோடவா? வீட்டுல கரடின்னு வெரட்டுவாங்க. உக்காருங்க."

மறுநாள் காலையில பெரட்டுல ஆளுங்கள நிறுத்தி வேல பிரிக்கிறப்ப, சூசைய தண்ணி ஓடுற கான் வெட்டுற கஷ்டமான வேலைக்கு அனுப்பிட்டாரு கங்காணி. அடுத்த ஞாயிறு கொப்புளம் வெடிச்ச கையோட அவன் முக்காலியப் போட்டான். லாசர் வந்தாரு. அவருக்குப் பின்னால, கங்காணிக்குத் தெரியாம மொகத்தத் துண்டால மூடிக்கிட்டு, போன வாரம் எந்திரிச்சுப் போனவங்கள்ல ரெண்டு பேரு வரிசையில நின்னாங்க.