அரிசி உப்புமாவின் விளக்கு

“எந்த ஃபோனைக் குடுத்தேள்?”

“அதான்டி, கிச்சன் டிராயர்ல கிடந்ததே, மூலையில கண்ணாடி விரிஞ்சது. பக்கத்தாத்து ஷ்யாமளா நேத்து ராத்திரி சென்னைக்குக் கிளம்பினாளே, அவ தங்கை பொண்ணுக்கு ஒண்ணு வேணும்னா. ரீசெட் பண்ணி, துடைச்சு, சார்ஜரோட குடுத்தேன்.”

“ரீசெட்னா?”

“எல்லாம் அழிஞ்சுடும். புது ஃபோன் மாதிரி ஆயிடும். ஃபோட்டோக்குக் கவலைப்படாதே, பேக்கப் இருக்கு.”

பர்வதம் டிஷ்வாஷரில் வைக்கப்போன தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அமெரிக்காவில் எடிசனுக்குக் குடிவந்த நாளிலிருந்து இந்த வீட்டில் இதுதான் வழக்கம். ஊருக்கு யார் கிளம்பினாலும் அவர்கள் பெட்டியில் பழைய ஃபோன் ஒன்று ஏறிவிடும். இதுவரை எட்டு போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும், யாருக்காவது உபயோகப்படட்டுமே என்று எடுத்துக் கொடுத்தவள் பர்வதம்தான். அவள் கணவர் ராமசுப்ரமணியன் இந்த ஒரு தடவைதான் கேட்காமல் கொடுத்திருக்கிறார்.

“அதுலதான் ஸ்ம்ருதி இருந்தா” என்றாள்.

ராமசுப்ரமணியன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். மகளின் பெயர் அந்தச் சமையலறையில் ஒலித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மருத்துவப் படிப்பின் மூன்றாம் வருஷத்தில் ஸ்ம்ருதி ஒரு புட்டி மாத்திரையை விழுங்கினாள். பத்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் இரண்டு வாரம் வீடு. படிப்பைத் தொடரப்போவதில்லை என்று அவள் சொன்ன அன்று, “வெளியில கேக்கறவாளுக்கு நான் என்னடி பதில் சொல்றது?” என்று கேட்டார் அப்பா. மறுநாள் இரண்டு பெட்டிகளோடு போய்விட்டாள். நம்பரை மாற்றிக்கொண்டாள். கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் இன்றுவரை சொல்லும் பதில், “மினசோட்டா ஆஸ்பத்திரில டாக்டர் ரெசிடென்சி பண்றா.”

வீட்டிலிருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் அம்மாவின் ஃபோனில் ஸ்ம்ருதி அந்த ஜப்பான் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அதன் பெயர் பர்வதத்தின் வாயில் நுழையவில்லை. மனசுக்குள் ‘கிணத்து விளக்கு’ என்று வைத்துக்கொண்டாள். அடியே இல்லாத ஒரு கிணற்றுக்குள், படிப்படியாக, ஆளுக்கொரு விளக்கோடு எல்லாரும் இறங்கிக்கொண்டே இருப்பார்கள். சிநேகிதருக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் ஊற்றலாம். பேச முடியாது. பத்து வாக்கியங்கள் தயாராக இருக்கும், ஒன்றைத் தொட்டு அனுப்பலாம், அவ்வளவுதான்.

“உனக்கு ஒண்ணும் புரிய வேண்டாம்மா. டெய்லி ஒரு தடவை திற. என் பேரைத் தொடு” என்று சொல்லியிருந்தாள்.

இரண்டு வருஷமாகத் தினமும் காலையில் பர்வதம் தொட்டாள். ‘இன்று களைப்பு’ என்று மகள் அனுப்புவாள். ‘முன்னே போ, வருகிறேன்’ என்று அம்மா அனுப்புவாள். புது ஃபோன் வந்த பிறகும் விளையாட்டை அதற்கு மாற்றவில்லை. மாற்றப்போய் எங்காவது தொலைந்துவிட்டால்?

விளையாட்டுக்குப் பெயர் பரவி அது மங்கா என்கிற ஜப்பான் படக்கதையாக வந்தபோது, நூலகத்தில் எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படிக்கப் பழகினாள். அனிமே என்கிற கார்ட்டூன் தொடராக வந்தபோது வெள்ளிக்கிழமைதோறும் பார்த்தாள். முதல் பகுதி வந்த மறுநாள், விளையாட்டில் ஸ்ம்ருதிக்கான பொம்மை தொடரின் கதாநாயகியுடைய நீல அங்கியைப் போட்டுக்கொண்டு நின்றது. அவளும் பார்க்கிறாள் என்று பர்வதத்துக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம். கதையில் யாருடைய விளக்காவது அணைந்தால் கதாநாயகி இருட்டில் தேடிக்கொண்டு போவாள். விளையாட்டில் யாரும் போவதில்லை. பெயர் மங்கும், முப்பது நாளில் பட்டியலிலிருந்து உதிரும்.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை பார்த்தபோது ஸ்ம்ருதியின் பெயருக்குக் கீழே, ‘கடைசியாக வந்தது: நான்கு நாட்களுக்கு முன்’ என்று இருந்தது. ஒரு நாள்கூடத் தவறாதவள்.

“என்னடி இது, என்கிட்ட மறைச்சு அவளோட பேசிண்டிருந்தியா?”

“பேசலை. எண்ணெய் ஊத்தினேன்.”

“என்னது?”

நான்கு நாளாக மகள் வராததுவரை எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தாள். அவர் ஆபீஸில் பிரச்சினை வந்தால் கேட்கிற மாதிரியே கேட்டார். “ஈமெயில் லிங்க் பண்ணியிருந்தியா?”

“கெஸ்ட்னு ஒண்ணு வந்தது. அதைத்தான் அவ அமுக்கினா.”

“பிளேயர் நம்பர்?”

“ஒன்பது நம்பர். தினம் பார்ப்பேன். மனப்பாடமா பண்ணி வெச்சிருக்கேன்?”

தன் ஃபோனில் அந்த விளையாட்டை இறக்கிப் பார்த்தார். கிணறு திறந்தது. கறுப்பாக இருந்தது. சிநேகிதர்கள்: பூஜ்யம்.

“போலீஸுக்குச் சொல்லலாமா?” என்றார்.

“எந்த ஊர்னு கேப்பா. என்ன சொல்வேள், மினசோட்டான்னா?”

அவர் லேப்டாப்பைத் திறந்து விளையாட்டுக் கம்பெனியின் உதவிப் பக்கத்தைத் தேடிப் பிடித்தார். விளையாட்டில் உன் பெயர் என்ன என்று கேட்டார். ‘பாரு’, அவதான் வெச்சா என்றாள். கடைசியாக நுழைந்த தேதியையும் கேட்டுக்கொண்டார். “கணவர் தவறுதலாக அழித்துவிட்டார்” என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழு நாள் நான் உள்ள போய் எண்ணெய் ஊத்தலைன்னா என் விளக்கும் அணைஞ்சுடும். ‘பாருவின் விளக்கு அணைந்துவிட்டது’ன்னு அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வரும். அம்மாவும் விட்டுட்டான்னு நினைச்சுப்பா” என்றாள் பர்வதம். பார்க்க அவள் இருந்தால், என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

“அவ என்ன பேர்ல விளையாடறா?”

“அரிசி உப்புமா.”

அவர் விரல் நின்றது. நான்கு வயது ஸ்ம்ருதி வேறு எதையும் சாப்பிடாமல் அடம்பிடித்த காலத்தில் அவர்தான் அந்தப் பெயர் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினார்.

“ஜப்பான் பூரா தேடினாலும் இன்னொருத்தி கிடைக்க மாட்டா. நம்பர் இல்லாட்டாலும் அவாளால கண்டுபிடிக்க முடியும். அடிங்கோ” என்றாள்.

அடித்தார். எழுதியதைப் படித்துக் காட்டினார். அழிந்த கணக்கைத் திருப்பித் தர வேண்டும், தேவையான சான்றுகளை அனுப்பத் தயார் என்று முறையாக முடித்திருந்தார்.

“கணக்கு வேண்டாம்னு எழுதுங்கோ.”

“வேண்டாமா?”

பர்வதம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டோக்கியோவில் யாரோ ஒருவர் அந்தத் திரைக்குப் பின்னால் காத்திருப்பதுபோல அதைப் பார்த்தே சொன்னாள்.

“என் விளக்கு போனாப் போறது சார். அவளோடதை மட்டும் ஒரு தடவை பாருங்கோ. திங்கட்கிழமைக்கு அப்புறம் ஒரு நாளாவது அவ உள்ள வந்தாளா? எங்கே இருக்கா, என்ன பண்றா, ஒண்ணும் கேக்கலை. வந்தா, வரலை, ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கோ.”